நீரிலிருந்து மரபணுவிற்கு: மரக்காணம் கடற்கரையை முன்வைத்துக் கடல்நீர் வளர்ப்பில் பாக்டீரிய நோயறிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கடல்நீரிலும் உவர்நீரிலும் வளர்க்கப்படும் மீன், இறால் ஆகியவற்றைத் தாக்கும் பாக்டீரிய நோய்கள் குறித்த அறிவு ஒரு நூற்றாண்டுக் காலத்தில் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. நோய்க்கான காரணம் முதலில் நீரிலும், பின்னர்க் கிருமியிலும், அதன்பின் கிருமியின் மரபணுவிலும் தேடப்பட்டது. இம்மாற்றத்தை விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மரபணு ஆய்வு எட்டியுள்ள முடிவு, கிருமி இருப்பது மட்டுமே நோயாகாது என்பதாகும். எல்லாக் கிருமிகளையும் மருந்தால் அழிக்கும் நடைமுறையும், பண்ணையின் கழிவுநீரை மட்டும் நோக்கும் ஒழுங்குமுறையும் இம்முடிவிற்கு முன்பிருந்த அறிவுநிலையைச் சார்ந்தவை என்பதும், பலரும் பயன்படுத்தும் பொதுநீரே நோய்த்தடுப்பின் களம் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச் சொற்கள்: மரக்காணம், கழுவேலி, விப்ரியோ, நோய்விளைதிறன் மரபணு, பிளாஸ்மிட், நுண்ணுயிர் எதிர்ப்பி, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் பெரிதும் உழவை நம்பிய உள்நாட்டுப் பகுதி. காணை, விக்கிரவாண்டி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைகின்றன. அதே மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் மரக்காணத்தை மையமாகக் கொண்ட கடற்கரை உள்ளது. இங்கு உப்பளமும் மீன்பிடித்தலும் பழந்தொழில்கள். இறால் பண்ணையும் குஞ்சுப் பொரிப்பகமும் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தவை. இப்புதிய தொழிலின் வரலாறு பெரும்பாலும் இரண்டு கோணங்களில் எழுதப்பட்டுள்ளது. ஒன்று, ஏற்றுமதி வருவாயின் வரலாறு. மற்றொன்று, நிலமும் குடிநீரும் உவர்ப்பானதை எதிர்த்த மக்கள் போராட்டத்தின் வரலாறு. இவ்விரண்டிற்கும் இடையே நோயின் வரலாறு தனியே கருதப்படாமல் நிற்கிறது. ஒரு குளத்தின் விளைச்சல் சில நாட்களில் அழிவதும், அதற்கு மாற்றாக உழவர் எதை நாடுகிறார் என்பதும், அந்நாட்டம் நீரையும் உண்பவரையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதும் அறிவின் வரலாற்றோடு பிணைந்தவை.

கலைச்சொல் குறித்த விளக்கம் ஒன்று இங்குத் தேவை. ஒரு கிருமி நோயை உண்டாக்கும் ஆற்றலைக் குறிக்க ‘வீரியம்’ என்னும் சொல் வழங்குகிறது. விதையின் வீரியம், மருந்தின் வீரியம் என அச்சொல் நற்பொருளிலும் பயில்வதால் பொருள்மயக்கம் நேர்கிறது. ‘நச்சுத்தன்மை’ என்பது நச்சுப்பொருளைச் சுரக்கும் இயல்பை மட்டுமே குறிக்கும். இரும்பைக் கைப்பற்றுதல், உடலில் ஒட்டிக்கொள்ளுதல் போன்ற ஆற்றல்கள் அச்சொல்லுள் அடங்கா. எனவே இக்கட்டுரை ‘நோய்விளைதிறன்’ என்னும் சொல்லை ஆள்கிறது.

களம்: எயிற்பட்டினமும் கழுவேலியும்

சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அந்நூல் கூறும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை அடுத்த பகுதி என்றும், எயிற்பட்டினம் மரக்காணம் பகுதி என்றும் அறிஞர் கொள்வர். எயிற்பட்டினத்தில் பரதவர் பாணர்க்குச் சுட்ட மீன் அளித்து ஓம்பும் செய்தி அதில் இடம்பெறுகிறது. அம்மீன் கடல் தந்தது. மனிதர் நீரை அடைத்து, அடர்த்தியாக மீன் வளர்க்கும் முறை இக்கரைக்குப் பிற்காலத்தில் வந்ததாகும். நோயின் வரலாற்றில் இவ்வேறுபாடு முதன்மையானது. திறந்த கடலில் மீன்கள் சிதறி வாழ்கின்றன. குளத்திலும் கூண்டிலும் அவை நெருங்கி வாழ்கின்றன. நெருக்கம் கிருமியின் பரவலுக்கு வழி செய்கிறது.

மரக்காணத்தின் நீரியல் அமைப்பும் கருதத்தக்கது. மேற்கிலிருந்து வரும் மழைநீர் கழுவேலி ஏரியில் தங்கி, கழிமுகம் வழியே வங்கக் கடலை அடைகிறது. பருவமழைக் காலத்தில் ஏரி நன்னீரின் இயல்பையும், கோடையில் உவர்நீரின் இயல்பையும் கொள்கிறது. தமிழ்நாடு அரசு 2021இல் கழுவேலியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் அது ராம்சர் சாசனத்தின்கீழ்ச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதன் பரப்பு 5,151.6 ஹெக்டேர். வலசைப் பறவைகள், மீனவர், உப்பளத் தொழிலாளர், இறால் வளர்ப்போர் ஆகிய அனைவரும் ஒன்றோடொன்று தொடர்புடைய நீரையே சார்ந்துள்ளனர். உவர்ப்பும் வெப்பமும் பருவந்தோறும் மாறும் இத்தகைய நீர் விப்ரியோ இனப் பாக்டீரியாக்களுக்கு இயல்பான வாழிடம். அவை அங்கு அயலிடத்திலிருந்து வந்து புகுந்தவை அல்ல.

கிருமியைக் கண்ட காலம்

மீன்களின் பாக்டீரிய நோய்களுள் நெடிய பதிவுடையது இத்தாலியக் கடற்கழிகளில் விலாங்கு மீன்களைத் தாக்கிய ‘செங்கொள்ளை’ நோயாகும். 18ஆம் நூற்றாண்டிலேயே பேசப்பட்ட அந்நோய்க்கு நீரின் கேடே காரணமாகக் கருதப்பட்டது. 1893இல் கனெஸ்திரினி அந்நோயை ஒரு பாக்டீரியாவோடு இணைத்தார். 1909இல் சுவீடனைச் சேர்ந்த பெர்க்மன் அதனை விப்ரியோ ஆங்குவில்லாரம் எனப் பெயரிட்டார். இவ்வாறு நோயின் காரணம் நீரிலிருந்து கிருமிக்கு இடம்பெயர்ந்தது.

இம்மாற்றத்தின் பின்னணியில் ராபர்ட் கோக் நின்றார். 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை நோயோடு உறுதியாகத் தொடர்புபடுத்தியவர் அவரே. நோயுற்ற உடலில் கிருமி காணப்பட வேண்டும், அதனைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும், அது மீண்டும் அதே நோயைத் தோற்றுவிக்க வேண்டும் என்னும் அவர்தம் விதிகள் மீன்நோய் ஆய்விற்கும் அடிப்படையாயின. ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்னும் எண்ணம் வலுப்பெற்றது. கிருமியை அழித்தால் நோய் அழியும் என்பது அதன் இயல்பான நீட்சியாயிற்று.

இவ்வெண்ணத்தில் முதல் விரிசலை உண்டாக்கியதும் கல்கத்தாவே. 1959இல் சம்பூநாத் தே, காலராக் கிருமி வளர்ந்த நீர்மத்திலிருந்து கிருமியை முற்றிலும் வடித்து நீக்கிய பின்னும், அந்நீர்மம் குடலில் நோய்க்குறியை விளைவிப்பதைக் காட்டினார். நோயை விளைவித்தது கிருமி சுரந்த நச்சுப்பொருள் என்பது புலனாயிற்று. கிருமி இருத்தல் வேறு, அது நோய் விளைத்தல் வேறு என்னும் பகுப்பு இங்கே தொடங்குகிறது. மீனையும் இறாலையும் தாக்கும் விப்ரியோக்கள் காலராக் கிருமியின் அதே பேரினத்தைச் சார்ந்தவையாதலின், இக்கண்டுபிடிப்பு பின்னர்க் கடல்நீர் வளர்ப்பிற்கும் பொருந்துவதாயிற்று.

பண்ணைகளின் வருகையும் ஒளிரும் நோயும்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1987இல் நிறுவப்பட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் தமிழகக் கடற்கரையில் வரி இறால் வளர்ப்பு விரைந்து பரவியது. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த காலம் இறால் தொழில் உச்சம் நோக்கி ஏறிய காலமாகவும் அமைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மரக்காணம் பகுதியில் குஞ்சுப் பொரிப்பகங்கள் எழுந்தன. கடல்நீரை நேரே எடுத்து, இளவுயிரிகளைத் தொட்டிகளில் அடர்த்தியாக வளர்க்கும் இடங்கள் அவை.

பொரிப்பகங்களுக்குரிய நோய்களுள் முதன்மையானது ஒளிரும் விப்ரியோ நோய். தாக்குண்ட இளவுயிரிகள் இருளில் நீலப்பச்சை ஒளி காட்டும். பின்னர்த் தொட்டி முழுதும் மடியும். 1990இல் பிலிப்பைன்சு நாட்டு ஆய்வாளர் இந்நோயை விரிவாகப் பதிவு செய்தனர். இந்தியாவில் இந்திராணி கருணாசாகர், இட்யா கருணாசாகர் ஆகியோர் அடங்கிய குழு 1994இல் வெளியிட்ட ஆய்வு, வரி இறால் இளவுயிரிகளின் பெருஞ்சாவிற்கு மருந்துகளை எதிர்க்கும் விப்ரியோ ஹார்வேயி காரணம் எனக் காட்டியது. கிருமியை அழிக்கும் நோக்கில் தொட்டியில் இடப்பட்ட மருந்து, அழியாத கிருமியைத் தேர்ந்து பெருக்கும் சல்லடையாக மாறக்கூடும் என்பதற்கு அவ்வாய்வு ஒரு தொடக்கச் சான்று.

அதே காலத்தில் வெண்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளைத் தாக்கியது. அது வைரசால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதன்முன் பயனற்றது. ஆயினும் குளத்தின் கரையில் நின்று காண்பவருக்கு இரண்டு நோய்களும் மடிந்த இறாலாகவே தோன்றும். வயலில் பூச்சிக்கொல்லி தெளிப்பதையும் ‘மருந்து அடித்தல்’ என்றே கூறும் வழக்கு இம்மாவட்ட உழவரிடையே உண்டு. பயிரோ இறாலோ கெட்டால் மருந்தை நாடுவது அவ்வழக்கின் தொடர்ச்சி. இதனை அறியாமை எனக் கொள்ளுதல் தகாது. நோய்கண்டறியும் ஆய்வகம் தொலைவில் இருக்க, விளைச்சல் நாள்தோறும் மடிய, கடனோடு நிற்பவர் கைக்கு எட்டியதையே எடுப்பார்.

கிருமியிலிருந்து மரபணுவிற்கு

பண்ணையாளர் தொட்டியில் கண்டு அஞ்சிய அதே ஒளி, ஆய்வகத்தில் வேறொரு கேள்வியை எழுப்பியது. 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்சு ஆகியோர் ஒளிரும் கடற்பாக்டீரியாக்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போது ஒளிர்வதில்லை என்றும், ஓர் எல்லையைத் தாண்டிப் பெருகிய பின்னரே ஒளிர்கின்றன என்றும் விளக்கினர். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறு வேதிப்பொருளை வெளிவிடுகிறது. அப்பொருளின் செறிவு தம் எண்ணிக்கையை அவற்றிற்கு உணர்த்துகிறது. செறிவு போதிய அளவை எட்டியதும் ஒளிக்கான மரபணுக்கள் இயங்குகின்றன. 1990களில் போனி பாஸ்லர் முதலானோர் விப்ரியோ ஹார்வேயி எனப்பட்ட பாக்டீரியாவில் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்தனர். ஒளி மட்டுமன்றி, நோய் விளைக்கும் சில பண்புகளும் இவ்வாறே கட்டுப்படுத்தப்படுவது பின்னர்த் தெளிவாயிற்று. ஒரு சில கிருமிகள் நீரில் உலவுதல் கேடன்று; அவை கூடிப்பெருகுதலே கேடு. ஒளிரும் பாக்டீரியா யாவும் நோய் விளைப்பனவல்ல, நோய் விளைக்கும் ஹார்வேயி யாவும் ஒளிர்வனவுமல்ல என்பதும் உடன் கருதத்தக்கது.

மீன்நோயில் மரபணுவின் பங்கை நேரடியாக நிறுவிய ஆய்வு 1980இல் வந்தது. விப்ரியோ ஆங்குவில்லாரத்தின் நோய்விளைதிறன், அதன் முதன்மை மரபுப்பொருளுக்கு வெளியே தனியே சுழலும் சிறு வளையமான ஒரு பிளாஸ்மிட்டைச் சார்ந்தது என்பதை ஹோர்ஹே குரோசா வெளிப்படுத்தினார். மீனின் குருதியில் இரும்பு தனித்துக் கிடைப்பதில்லை. புரதங்கள் அதனைப் பிடித்து வைத்துள்ளன. இரும்பின்றிப் பாக்டீரியா பெருக இயலாது. ஏறத்தாழ 65 ஆயிரம் கார இணைகள் கொண்ட பிஜேஎம்1 என்னும் அப்பிளாஸ்மிட், மீனிடமிருந்து இரும்பைக் கைப்பற்றும் வேதிப்பொருளை உருவாக்கும் திறனைத் தருகிறது. பிளாஸ்மிட்டை இழந்த பாக்டீரியா உயிரோடிருக்கும், பெயரும் மாறாது, ஆனால் நோய் விளைக்கும் ஆற்றலைப் பெரிதும் இழக்கும்.

1988இல் ஸ்டான்லி பால்கோ, கோக்கின் விதிகளை மரபணு நிலையில் மறுவரையறை செய்தார். நோய் விளைக்கும் வகைகளில் குறிப்பிட்ட மரபணு இருத்தல், அதனைச் செயலிழக்கச் செய்தால் நோய்விளைதிறன் குறைதல், மீளச் சேர்த்தால் அத்திறன் திரும்புதல் என்பன அவ்வரையறையின் கூறுகள். ‘எந்தக் கிருமி’ என்ற கேள்வி ‘எந்த மரபணு’ என்பதாக மாறியது.

பெயரும் இயல்பும்

மரபணு நோக்கு பெயர்களின் நம்பகத்தையும் அசைத்தது. 1984இல் காட்சியகத்தில் மடிந்த சுறாவிலிருந்து பிரித்து விப்ரியோ கார்காரியே எனப் பெயரிட்ட பாக்டீரியா, பின்னர் ஹார்வேயியின் மறுபெயரே எனத் தெளிந்தது. எண்ணிக்கை உணர்தலுக்கு எடுத்துக்காட்டாக உலகெங்கும் ஆளப்பட்ட ஹார்வேயி வகையோ, 2010இல் மரபணுத்தொகுதி ஒப்பீட்டால் விப்ரியோ காம்ப்பெல்லி என இனம் மாற்றப்பட்டது.

இறாலின் விரைமரண நோய் இதற்குத் தெளிவான சான்று. 2009 முதல் சீனா, வியட்நாம் முதலிய நாடுகளின் பண்ணைகளை அந்நோய் அழித்தது. 2013இல் அதன் காரணி விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என அறியப்பட்டது. அப்பாக்டீரியா கழிமுக நீரில் பரவலாக உள்ளது. அதன் எல்லா வகைகளும் இந்நோயைத் தருவதில்லை. பிஐஆர்-ஏ, பிஐஆர்-பி என்னும் இரு நச்சு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் உள்ளவையே நோய் தருபவை என்பது 2015இல் வெளியான ஆய்வால் உறுதிப்பட்டது. அம்மரபணுக்கள் பின்னர் வேறு விப்ரியோ இனங்களிலும் காணப்பட்டன. நோய்விளைதிறன் ஓர் இனத்தின் நிலையான உடைமையாக இராமல், நீரில் வாழும் கூட்டத்தினிடையே கைமாறும் பொருளாகவும் அமைகிறது.

தமிழகத்தில் இறாலுக்கு மாற்றாகத் துடுப்பு மீன் வளர்ப்பும் வளர்ந்து வருகிறது. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் கொடுவா மீனைக் காப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் 2010இல் கடல்விராலிலும் அவ்வெற்றியை எட்டியது. கடற்கூண்டில் வளர்ந்த கடல்விராலில் விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ் தொற்று 2014இல் பதிவாயிற்று. வளர்க்கும் உயிர் மாறினும் நீரும் அதில் வாழும் விப்ரியோக்களும் மாறுவதில்லை.

மருந்தும் ஒழுங்குமுறையும்

நோர்வே நாட்டு அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. 1987இல் அந்நாட்டு மீன்வளர்ப்பில் ஏறத்தாழ 48 டன் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பயன்பட்டன. தடுப்பூசிகள் பரவிய பின், உற்பத்தி பன்மடங்கு பெருகியும், மருந்தின் அளவு மிகச் சிறிதாகச் சுருங்கியது. கொடுவா, கடல்விரால் போன்ற மீன்களுக்கும் அவ்வழி கொள்கையளவில் திறந்துள்ளது. இறாலுக்கோ, மீனுக்குள்ளது போன்ற எதிர்ப்புப்பொருள் சார்ந்த நோயெதிர்ப்பு நினைவு இல்லை. ஆதலின் இறால் வளர்ப்பில் நீரையும் குஞ்சின் தூய்மையையும் பேணுதலே முதன்மையான காப்பாகிறது.

இந்தியாவின் சட்ட வரலாறு வேறொரு நீரோடு தொடங்கியது. கிராம சுயராஜ்ய இயக்கத்தின் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. குடிநீரும் விளைநிலமும் உவர்ப்பாதல், கழிவுநீர் வெளியேற்றம், மீனவரின் கடற்கரை வழி அடைபடுதல் ஆகியன அவ்வழக்கின் மையங்கள். நியாயமான அக்கவலைகளின் விளைவாக எழுந்த ஒழுங்குமுறை, பண்ணையிலிருந்து வெளியேறும் நீரைப் பெரிதும் நோக்கியது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் வகுத்த நெறிகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளுக்குப் பொதுவாகக் கட்டாயமாயிற்று. ஆயின் நாட்டின் இறால் பண்ணைகளுள் பெரும்பாலானவை 2 ஹெக்டேருக்கு உட்பட்டவை. ஒரு சிறு பண்ணை வெளிவிடும் நீர் அடுத்த சிறு பண்ணை உள்ளெடுக்கும் நீராகலாம். அந்நீரோடு கிருமியும், கிருமியோடு நோய்விளைதிறன் மரபணுவும், மருந்தை எதிர்க்கும் மரபணுவும் செல்லக்கூடும்.

2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கடலோர வளர்ப்பில் மனித உடல்நலத்திற்குக் கேடு தரும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தடுக்கிறது. கூண்டுவளர்ப்பு போன்ற புதிய முறைகளையும் தன் வரம்பிற்குள் கொணர்கிறது. மருந்தை விலக்கும் இச்சட்டம் பயனளிக்க வேண்டுமெனில், மருந்தின் இடத்தில் வேறொன்று உழவர் கைக்கு எட்ட வேண்டும். தடை ஒன்றே அந்த இடத்தை நிரப்பாது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, விப்ரியோ கண்டறியப்பட்டது என்னும் ஆய்வக முடிவு தனியே நோய்க்குச் சான்றாகாது. எந்த மரபணுவைச் சுமக்கும் விப்ரியோ, எந்த அளவில், எத்தகைய நீர்நிலையில் என்பன சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கின்றன. மரபணுவை நேரே கண்டறியும் பாலிமரேசு தொடர்வினைச் சோதனை பொரிப்பகம் செறிந்த மரக்காணம் போன்ற இடங்களில் அருகிலேயே கிடைத்தல் வேண்டும்.

இரண்டாவது, கிருமி முழுவதையும் அழிக்கும் முயற்சி, கழிமுக நீரின் இயல்பிற்கு மாறானது. அங்கு வாழும் உயிர்க்கூட்டத்தில் கேடு விளைப்பவை பெருகாதவாறு காத்தலே இயலக்கூடியது. அடர்த்தியைக் குறைத்தல், நீரைத் தேக்கித் தெளிவித்தல், சோதித்த குஞ்சை இடுதல், அண்டைப் பண்ணைகள் நீரெடுக்கும் காலத்தையும் வெளிவிடும் காலத்தையும் ஒத்திசைத்தல் ஆகியன அதற்குரிய வழிகள்.

மூன்றாவது, இவ்வழிகளுள் பலவும் ஒரு பண்ணையாளர் தனித்துச் செய்யக்கூடியன அல்ல. ஏரிநீரை முறைவைத்துப் பாய்ச்சும் பழக்கம் இம்மாவட்டத்தின் உள்நாட்டு ஊர்களுக்குப் புதியதன்று. கழிமுக நீருக்கு அத்தகைய கூட்டுமுறை இன்னும் வேரூன்றவில்லை. நோயின் காரணத்தை அறிவியல் நீரிலிருந்து கிருமிக்கும், கிருமியிலிருந்து மரபணுவிற்கும் நகர்த்தியது. மரபணுவின் பயணத்தை அறிந்த பின், அப்பயணம் நிகழும் பொதுநீருக்கே மீள வேண்டியுள்ளது. கழுவேலியின் பறவைகளும் மீனவரும் பண்ணையாளரும் பகிர்ந்துகொள்ளும் அந்நீரை ஓர் அலகாகக் கொண்டு நோய்த்தடுப்பை வகுத்தலே இவ்வரலாறு சுட்டும் திசையாகும்.